வேலை, வீடு, கமரா: யாழ்ப்பாணத்து அப்பாக்களுக்கு ஒரு பகுதிநேரப் படப்பிடிப்பு வழிகாட்டி

கிழமை நாட்களில் கந்தோர், பள்ளிக்கூடம், வங்கி, கடை என்று ஏதோ ஒரு வேலை. சனி, ஞாயிறில் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபம். யாழ்ப்பாணத்தில் இப்படி ஓடுகிற அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஆசைக்குத் தொடங்கிய பலருக்கு, 2022இல் ரூபாய் விழுந்து சாமான் விலை ஏறிய பிறகு இது தேவையாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளின் ரியூசன் காசு இதிலிருந்துதான் போகிறது.

தொடங்குகிறவர்கள் படம் எடுக்கிற நாளைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். வீட்டைக் குழப்புவது அந்த நாள் அல்ல, அதற்குப் பிறகு வருகிற இரவுகள். ஒரு கலியாணத்தை எடுக்க ஒரு நாள் போதும். படம் தெரிந்தெடுத்து, நிறம் திருத்தி, அல்பம் அடுக்கி, காட்டி, மாற்றி, கையில் கொடுக்க மூன்று கிழமை போகும். அந்த மூன்று கிழமையும் அப்பா வீட்டில்தான் நிற்பார், ஆனால் பிள்ளைகளுக்கு அவருடைய முதுகுதான் தெரியும். ஆகவே இங்கே லென்ஸைவிட இரவுகளைப் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறேன்.

படி 1: வருடத்தை வீட்டில் எல்லோருமாக இருந்து குறியுங்கள்

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரே புதுப் பஞ்சாங்கம் கடைக்கு வந்துவிடும். வாக்கியமோ திருக்கணிதமோ, உங்கள் பக்கத்து ஐயர்மார் எதைப் பார்க்கிறார்களோ அதை வாங்குங்கள். கூடவே பெரிய கட்டங்கள் உள்ள ஒரு சுவர் நாட்காட்டி. ஒரு பின்னேரம் மனைவியோடும் பிள்ளைகளோடும் மேசையில் இருந்து, முதலில் வீட்டு நாட்களைச் சிவப்பில் குறியுங்கள்: தவணைப் பரீட்சை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பிறந்தநாட்கள், ஊர்க்கோயில் தேர், அம்மாவின் கிளினிக் நாள். பிள்ளை தரம் 5 என்றால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்தின மாதம் முழுவதுமே சிவப்புத்தான். அதற்குப் பிறகுதான் சுபமுகூர்த்த நாட்களை நீலத்தில் குறிக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். நீலத்தை முதலில் போட்டால் சிவப்புக்கு இடமே மிஞ்சாது.

குறித்து முடித்ததும் வருடத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் சைவக் கலியாணங்கள் இல்லை. கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் வைக்கமாட்டார்கள். இவை உங்கள் குடும்பத்துக்கான மாதங்கள். பயணம் போவதென்றால் இப்போதே எழுதிவையுங்கள். அதற்கு நேர்மாறு ஆவணி. நல்லூர்த் திருவிழா 25 நாள். கனடா, லண்டன், சுவிஸ், ஜேர்மனியிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்பார்கள். போவதற்குள் சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு), கலியாணம், புதுவீட்டுக் குடிபூரல் என்று எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். அதிகம் காசு வருகிற காலம் அதுதான். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவும் அந்த மாதத்தில்தான். அந்த மாதத்துக்கு மட்டும் வேலைக் கணக்கைத் தனியாகப் பேசி முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், சாதாரண மாதத்துக்கு இரண்டு பெரிய வேலை, ஆவணியில் மூன்று. அதற்கு மேல் எடுத்தால் படமும் கெடும், வீடும் கெடும்.

தொலைபேசியில் யாருக்கும் உடனே "ஓம்" சொல்லாதீர்கள். "வீட்டில கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுறன் அண்ணை" என்பது மரியாதையான பதில்தான். எங்கள் ஊரில் அதை யாரும் குறையாக எடுப்பதில்லை. சொன்னபடியே வீட்டிலும் உண்மையாகக் கேளுங்கள். மனைவி "அண்டைக்கு ஏலாது" என்றால் அந்த நாள் முடிந்தது.

அரச உத்தியோகத்தர் என்றால், சம்பளத்துக்கு வெளியே காசு வருகிற வேலை செய்வது பற்றி உங்கள் திணைக்களத்தில் முதலே கதைத்து அனுமதி எடுத்துவிடுங்கள். யாராவது மொட்டைக் கடிதம் எழுதிய பிறகு விளக்கம் கொடுப்பது பெரிய கரைச்சல்.

படி 2: வீட்டுக்கு ஏற்ற வேலையைத் தெரியுங்கள்

கலியாணம்தான் பெரிய வேலை, ஆனால் அது ஒரு நாளோடு நிற்பதில்லை. தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு ஒரு நாள், கலியாணம் ஒரு நாள், அதற்குப் பிறகு வரவேற்பு, வெளிப்புறப் படப்பிடிப்பு. பொன்னுருக்கு அநேகமாகக் கிழமை நாளில் வரும். கந்தோரில் லீவு எடுக்க வேண்டும். கேட்கிறபோதே எல்லா நாளையும் கேட்டு எழுதுங்கள். சாமத்தியவீடு ஒரு நாளில் முடியும், ஆனால் தட்டுகள், ஆலாத்தி, உடுப்பு மாற்று என்று இழுபடும். பிறந்தநாள், பிள்ளை பிறந்த முப்பத்தொன்று, குடிபூரல் எல்லாம் மூன்று மணித்தியால வேலை. அரங்கேற்றம் பின்னேரத்தில், வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும், பழகியவர்களுக்குத்தான் சரிவரும்.

குடும்பக்காரருக்கு மிகப் பொருத்தமான வேலை என்று நான் நினைப்பது இதில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்களுக்கு, அவர்களுடைய பழைய வீட்டில் எடுக்கிற குடும்பப் படம். விடிய ஆறரைக்குப் போனால் எட்டரைக்கு வீடு திரும்பிவிடலாம், பிள்ளைகளோடு காலைச் சாப்பாடு சாப்பிடலாம். அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, கிணற்றடியில் பேரப்பிள்ளைகளை விட்டு, பனை வேலிக்கு முன்னால் அண்ணன் தம்பிமாரை நிறுத்தி எடுத்தால் முப்பது, நாற்பது நல்ல படம் வரும். மண்டபம் இல்லை, கூட்டம் இல்லை, வீடியோக்காரரோடு இடத்துக்கு இழுபறி இல்லை. இரண்டே இரவில் திருத்தி முடிக்கலாம். அந்தப் படங்களுக்கு அவர்கள் கொடுக்கிற மதிப்போ கலியாண அல்பத்துக்குக் குறைந்ததல்ல. அடுத்த முறை வரும்போது அம்மம்மா இருப்பாவோ என்ற கவலை எல்லோருக்கும் உள்ளே இருக்கும்.

நேரத்தை ஏன் இவ்வளவு விடிய வைக்கச் சொல்கிறேன் என்றால், எங்கள் வெயில் அப்படி. யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு ஒட்டியும் ஆவணி நடுவிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் எடுத்தால் எல்லோருக்கும் கண்குழி கறுத்துப்போகும். பிந்திவிட்டால் மாமர நிழலுக்கோ விறாந்தைக்கோ கொண்டுபோங்கள். முகம் வெளிச்சம் வருகிற பக்கம் பார்க்கட்டும். பின்னேரம் எடுப்பதென்றால் கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரே பொழுதுபட்டுவிடும், ஆடியில் ஆறரை வரை கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கசூரினாக் கடற்கரை, மணற்காட்டு மணல்மேடு, கோட்டை என்று கேட்பார்கள். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம்; தொழிலுக்காக எடுப்பதென்றால் முன்கூட்டியே கேளுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. பலாலியில் சர்வதேச விமான நிலையம் இயங்குவதால் வலிகாமம் வடக்குப் பக்கம் இன்னும் கவனம் தேவை.

படி 3: கமராவுக்காகக் கடன் படாதீர்கள்

இரண்டு கார்ட் போடக்கூடிய கமரா ஒன்று, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, 24–70 போன்ற ஒரு சூம் லென்ஸ், ஒரு பிளாஷ், மூன்று பற்றரி, நான்கு கார்ட். தொடங்க இது தாராளம். பாவித்ததை வாங்கலாம், வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். வருடத்தில் இரண்டு மூன்று தரம் மட்டும் தேவைப்படுகிற, தூரத்தில் நிற்பவர்களை எடுக்கிற 70–200 லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

கடற்காற்றும் ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிற மழையும்தான் லென்ஸுக்கு எதிரி. நன்றாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி. உள்ளே 40 முதல் 50 வீதம் காட்டினால் சரி. கசூரினாவில் எடுத்துவிட்டு வந்தால் அன்றிரவே சற்று ஈரத் துணியால் கமரா உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது கமராவைப் பைக்குள் மூடியபடி கொஞ்ச நேரம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க நீர் படியும்.

படி 4: மணித்தியாலத்தைக் கணக்கெடுத்து விலை சொல்லுங்கள்

பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று பார்த்து அதிலிருந்து ஐயாயிரம் குறைத்துச் சொல்வதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. அது உங்கள் பிள்ளைகளின் நேரத்தை இலவசமாகக் கொடுக்கிற வேலை. இப்படிக் கணக்குப் பாருங்கள். உங்கள் சம்பளம் மாதம் ஒரு லட்சம், வேலை 160 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 625 ரூபாய். ஒரு கலியாணத்துக்கு மண்டபத்தில் 10 மணித்தியாலம், ஆயத்தமும் பயணமும் 3, தெரிதலும் திருத்தலும் 15, அல்ப வேலை 6, காட்டிக் கொடுப்பது 2. மொத்தம் 36, அதாவது 22,500 ரூபாய். கமரா, லென்ஸ் எல்லாம் ஆறு லட்சம் என்றால், நான்கு வருடம் உழைக்கும், வருடத்துக்கு 20 வேலை என்று பிரித்தால் வேலைக்கு 7,500. உதவிக்கு வருகிற தம்பிக்கு 5,000, பெற்றோல் 2,000. ஆக 37,000 ரூபாய், அல்பச் செலவு இல்லாமல். இதற்குக் கீழே போனால் நீங்கள் கைக்காசு போட்டு அவர்களுடைய கலியாணத்தை நடத்துகிறீர்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு இதுதான்.

சொந்தக்காரருக்கு என்ன செய்வது? ஒன்றில் முழு விலை, அல்லது முழுக்க அன்பளிப்பு. பாதி விலையில் செய்தால் இரண்டு பக்கமும் மனக்குறை மிஞ்சும். நெருங்கிய சொந்தம் என்றால் கமராவை வீட்டில் வைத்துவிட்டு மனைவி பிள்ளைகளோடு விருந்தாளியாகப் போய் இருங்கள். வேறொரு படப்பிடிப்பாளரை அவர்கள் பிடிக்கட்டும். மாமி முதலில் முகத்தைத் திருப்பினாலும் பிறகு விளங்கிக்கொள்வா.

முற்பணம் வாங்காமல் நாளைப் பிடித்து வைக்காதீர்கள். எத்தனை படம், எத்தனை பக்க அல்பம், எத்தனை திருத்தம், எப்போது கையில் கிடைக்கும் என்று நான்கு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் "ஓம்" என்று எழுதிய பிறகுதான் வேலை தொடங்குகிறது.

படி 5: மண்டபத்து நாள்

முதல் நாளே பற்றரி சார்ஜ், கார்ட் வெறுமையாக்கல், பை அடுக்கல் எல்லாம் பின்னேரம் ஏழு மணிக்குள் முடியட்டும். இதில் பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை பற்றரிகளை எண்ணி, ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி, மூடியை அமத்தி "டக்" என்று சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும். நாளைக்கு அப்பா எங்கே போகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று அந்த நேரத்திலேயே சொல்லிவிடலாம்.

மண்டபத்தில் ஐயரிடமும் வீடியோக்காரரிடமும் முதலே இரண்டு வார்த்தை கதையுங்கள். தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளம் எழும்பும், எல்லோரும் கைத்தொலைபேசியோடு முன்னுக்கு வருவார்கள், அறுகரிசி முகத்தில் விழும், ஓமப்புகை கண்ணைக் கரிக்கும். அந்த நேரத்தில் இடம் தேடினால் கிடைக்காது. ஐயர் தாலியைச் சபைக்குக் காட்டி ஆசீர்வாதம் வாங்கக் கொண்டுபோகும்போதே உங்கள் இடத்தில் போய் நில்லுங்கள். ஷட்டரை 200இல் ஒரு பங்கு செக்கன் வேகத்தில் வைத்து, மாப்பிள்ளையின் கையிலும் பொம்பிளையின் முகத்திலும் மட்டும் கவனம் இருக்கட்டும். தாயின் கண்ணீரை எடுக்க உதவித் தம்பியை மறுபக்கம் நிறுத்துங்கள்.

கோயிலில் கலியாணம் என்றால் எங்கே நின்று எடுக்கலாம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடியிருக்கும். அரை மணித்தியாலம் கூடுதலாக வைத்து வெளிக்கிடுங்கள்.

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இரவு வேலை என்றால் நித்திரைக் கண்ணோடு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வராதீர்கள். தங்கும் செலவையோ வாகனச் செலவையோ விலையில் சேருங்கள். இதில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

படி 6: அடுத்து வருகிற இரவுகள்

வீட்டுக்கு வந்ததும் படுக்க முன்னர் ஒரே ஒரு வேலைதான்: கார்ட்டிலுள்ள எல்லாவற்றையும் லப்டொப்பிலும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றுவது. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ ஃபைல் (திருத்துவதற்காகக் கமரா பதிகிற மூலக் கோப்பு) 25 முதல் 30 மெகாபைட் வரும்; 2,500 படம் என்றால் 70 ஜிகாபைட். ஏற விட்டுவிட்டு முகம் கழுவிச் சாப்பிடலாம். அல்பம் கொடுக்கும் வரை கார்ட்டை அழிக்காதீர்கள். மூன்றாவது பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். தம்பி வீடோ அக்கா வீடோ போதும். அடுத்த நாள் அந்தப் படங்களைத் திறக்கவே வேண்டாம். அது நித்திரைக்கும் வீட்டுக்கும் உரிய நாள்.

பிறகு, கிழமையில் இரண்டு இரவை மட்டும் வேலைக்குக் குறியுங்கள். செவ்வாயும் வியாழனும் என்றால், பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. மற்ற இரவுகளில் லப்டொப் பைக்குள்ளேயே இருக்கட்டும். உங்களுக்கு விடிய எழும்பிப் பழக்கம் என்றால் நாலரையிலிருந்து ஆறு இன்னும் நல்லது. மனைவியோடு கதைக்கிற நேரம் இரவுதான். அதை மிச்சம் பிடிக்க விடியற்காலம் உதவும். இப்படி இருந்து வேலை செய்கிற ஒவ்வொரு தரமும் ஓர் இருக்கை. இந்த இருக்கைகளுக்குள் முடியும்படி வேலையை அமைக்க வேண்டும்.

முதல் இருக்கையில் வைத்திருப்பது, விடுவது என்று இரண்டே முடிவு. பெரிதாக்கிப் பார்க்காமல், படத்துக்கு ஒரு செக்கன். 2,500 படமும் முக்கால் மணித்தியாலத்தில் ஓடிவிடும். கண் மூடியது, மங்கியது, ஒரே மாதிரி ஐந்து எடுத்ததில் நான்கு, எல்லாம் போகும். மிச்சம் ஆயிரம் இருக்கும். இரண்டாம் இருக்கையில் அதை 450க்குக் கொண்டுவாருங்கள். இங்கேதான் பலர் மாட்டுப்படுகிறார்கள், எல்லாப் படத்தையும் கொடுத்தால் வீட்டுக்காரர் சந்தோசப்படுவார்கள் என்று. அவர்களுக்கு வேண்டியது தங்கள் ஆட்கள் எல்லோரும் வடிவாக இருக்கிற படங்கள். ஆகவே குறைக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: மேடைக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படமாவது இருக்க வேண்டும். பெரியப்பாவின் படம் இல்லையென்றால் அந்தக் கதை பத்து வருடத்துக்குப் போகும்.

மூன்றாவது, நான்காவது இருக்கையில் நிறம். பொம்பிளை வீடு, மணவறை, மண்டபத்து எல்ஈடி வெளிச்சம், வெளி முற்றம் என்று வெளிச்சத்தின்படி பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை மட்டும் லைட்ரூம் மென்பொருளில் ஆறுதலாகத் திருத்தி, அதே மாற்றத்தை மற்றவற்றுக்கும் ஒட்டுங்கள். ஒவ்வொரு முகத்தையும் வெள்ளையாக்கித் தரச்சொல்லிக் கேட்பார்கள். செய்யாதீர்கள். எங்கள் நிறம் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அதற்கு நல்ல வெளிச்சம் போதும், மணித்தியாலக் கணக்கில் பூச்சு வேண்டாம்.

அல்பம் அடுக்குகிற வேலையைக் காசு கொடுத்து வெளியே செய்வியுங்கள். தாளுக்கு இவ்வளவு என்று செய்து தருகிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆறு மணித்தியாலம் மிஞ்சும். அது இரண்டு சனிக்கிழமைப் பின்னேரம். படம் தெரிந்து தர வீட்டுக்காரருக்குத் தவணை கொடுங்கள். அது பிந்தினால் அல்பமும் அத்தனை நாள் பிந்தும் என்று முதலே எழுத்தில் இருக்கட்டும். திருத்தம் இரண்டு தரம். இரவு எட்டுக்குப் பிறகு வருகிற வாட்ஸ்அப்புக்கு விடிய பதில் போட்டால் போதும்.

படி 7: பிள்ளைகளின் படங்கள்

ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் படம் எல்லாம் அல்பமாக, சொந்தப் பிள்ளைகளின் படம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். மாதம் ஒருமுறை, அல்பம் அச்சிடக் கொடுக்கும்போது உங்கள் வீட்டுப் படம் பத்தும் நான்குக்கு ஆறு அளவில் சேர்த்துக் கொடுங்கள். அதில் நீங்கள் நிற்கிற படம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். முக்காலியில் வைத்தோ, மூத்த பிள்ளையிடம் கமராவைக் கொடுத்தோ எடுங்கள். பழைய சின்னக் கமரா ஒன்றிருந்தால் அதைப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டுப் பின்னேரம் பண்ணைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மேற்கே கடல்நீரேரியில் பொழுதுபடும். அங்கே நீங்கள் எடுக்க வேண்டாம், அவர்கள் எடுக்கட்டும். பள்ளிக்கூடக் கலைவிழாவில் பிள்ளையின் நிகழ்ச்சியில் இரண்டு நிமிடம் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கண்ணால் பாருங்கள். மேடையிலிருந்து அது தேடுவது உங்கள் முகத்தை.

பெண் பிள்ளை உள்ள அப்பாவாக இதையும் சொல்ல வேண்டும். சாமத்தியவீட்டுப் படங்களை விளம்பரத்துக்காக முகநூலில் போடாதீர்கள். தகப்பன் சம்மதித்தாலும் அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. மாதிரி காட்ட வேண்டுமென்றால் கோலம், தட்டு அலங்காரம், மருதாணிக் கை என்று முகம் இல்லாத படங்கள் தாராளமாக இருக்கின்றன.

படி 8: வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கப் பழகுங்கள்

உங்களைப் போலவே வேலை செய்கிற இரண்டு மூன்று பேரோடு நல்ல பழக்கம் வைத்திருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று உங்கள் இடத்தில் போக ஒருவர் வேண்டும். அவருக்கு அப்படி வந்தால் நீங்கள் போக வேண்டும். ஒருவர் முறையை ஒருவர் முதலே பார்த்துவைத்திருப்பது அவசியம். சிவப்பு நாளில் வருகிற அழைப்பை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். எண்ணை அனுப்பும்போது விலை, அல்ப அளவு பற்றி நீங்கள் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். அவர்களே நேரில் கதைத்துக்கொள்ளட்டும். தரகும் கேட்காதீர்கள். அடுத்த முகூர்த்தத்தில் அவர் உங்களுக்கு ஒரு விடியற்காலைக் குடும்பப் படத்தை அனுப்புவார்.